ஆ சோ கொடுத்த சரவெடி

சிங்கப்பூரில் என் புடவையை முதன்முதலாகத் துவைத்துக் காயப்போட்ட அன்றே, எனக்கும் இந்த ஊருக்கும் ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். இங்கே மாடி வீடுகளில் கொடி கட்டுவதில்லை. ஈரத்துணியை நீண்ட மூங்கில் கழியில் கோத்து, கழியை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு மேலே நீட்டி, அடிமுனையை உள்பக்கம் இறுகக் கட்டிவிட வேண்டும். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லார் வீட்டுச் சட்டையும் பாவாடையும் நடுத்தெருவில் ஆடும். யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்பதையெல்லாம் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மன்னார்குடியில் நாங்கள் கொல்லைப்புறத்தில்கூட உள்பாவாடைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துத்தான் காயவைப்போம். நான் ஆறு கெஜப் புடவையை அப்படியே கழியில் கோத்து வெளியே தள்ளினேன். பாரம் தாங்காமல் கழி கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. புடவை நழுவிக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையில் போய் விழுந்தது. அவர் ஏதோ கத்தினார், கடையே சிரித்தது. நான் ஜன்னலுக்கடியில் குந்தி உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து அறைச் சீன அம்மாள்தான் இறங்கிப் போய்ப் புடவையை வாங்கி வந்தாள். அதை நான்காக மடித்தாள், கழியில் செருகினாள், இடுப்பில் கழியை முட்டுக்கொடுத்து ஒரே வீச்சில் வெளியே நீட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "லாகி சாத்து காலி" என்றாள். இங்கே எல்லாரும் பொதுவாகப் பேசும் மலாயில், இன்னொரு தடவை செய்து பார் என்று அர்த்தமாம். எனக்கு அன்று அது தெரியாததால் திட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். தெருவில் எல்லாரும் அவளை ஆ சோ என்றே கூப்பிட்டார்கள். அண்ணி என்பதுபோல ஒரு சொல் அது. ஐம்பது வயதிருக்கும். அறையில் ஒரு தையல் மிஷினும் ஒரு கட்டிலும் இரண்டு தகரப் பெட்டிகளும் வைத்துக்கொண்டு, ஏதோ கடைக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்துத் தனியாக வாழ்ந்தாள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கோப்பிக்கடைக்கு மேல் மாடியில், அவளுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை, பின்பக்கம் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஓர் அடுப்படி. இதெல்லாம் ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது.

என்னை இங்கே அழைத்து வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் கப்பலேறினார். நான்கு வருஷம் கழித்து வந்து ஐந்து மாதம் இருந்தார். மறுபடி கப்பலேறினார். மல்லிகா பிறந்த செய்தி கடிதத்தில்தான் அவருக்குப் போனது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் கடிதம்தான் எங்களுக்கு வாழ்க்கை. கணக்குப் போட்டால் பதினொரு வருஷத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியத்தில் சேர்ந்து இருந்தது எட்டு மாதம். பிரிந்து வாழும் பெண்டாட்டி பிள்ளைகளை இனிமேல் சிங்கப்பூருக்குள் விடமாட்டார்கள், சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும் பதறிப்போய் எங்கள் இருவரையும் வரச்சொல்லி எழுதினார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒரு வாரம் வாந்தியெடுத்து, துறைமுகத்தில் இறங்கியபோது கையாட்டிய கூட்டத்தில் யார் என் புருஷன் என்று தேடத்தான் வேண்டியிருந்தது. போட்டோவில் இருந்தவருக்கு முடி அடர்த்தியாக இருந்தது. மல்லிகா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதானா?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்திருக்கும். கேட்காதது போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. காலையில் நான் கண் விழிப்பதற்குள் எழுந்து தண்ணீர் பிடித்து, தானே காப்பி போட்டுக் குடித்து, எனக்கும் ஒரு குவளை மூடி வைத்துவிட்டு, கரிப்பெட்டியை மூட்டித் தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மாலையில் வந்தால் தன் தட்டைத் தானே கழுவுவார். பொத்தான் அறுந்தால் தானே தைப்பார். ஒருநாள் ரசம் வைத்துக் காத்திருந்தேன். அவர் வரும்போதே தேக்கா சந்தையில் மீன் வாங்கி வந்து, "நீ உக்காரு வசந்தா, களைச்சிருப்பே" என்று குழம்பு வைக்கத் தொடங்கிவிட்டார். எதைச் செய்து நான் களைக்கிறது? ஊரில் சிலபேர் கைக்கு எட்டுகிற சொம்பைக்கூடப் பெண்டாட்டி எடுத்துத் தரவேண்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தவர் நேர் எதிராக இருந்தார், அதையும் என்னால் தாங்கமுடியவில்லை. என்னை விருந்தாளியாகவே வைத்திருந்தார். விருந்தாளிக்கு இரண்டு நாள் பெருமையாக இருக்கும், மூன்றாம் நாள் எப்போது கிளம்பலாம் என்றுதான் தோன்றும்.

வந்து இரண்டு மாதம் ஆனபோது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நான் ஊருக்கே போறேங்க. இங்க எனக்கு ஒரு வேலயும் இல்ல. நீங்க தனியா நல்லாத்தான் இருக்கீங்க."

அவர் கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "இப்ப போனா மறுபடி வரமுடியாது, தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"தீபாவளி வரைக்கும் இரு. அதுக்கப்புறமும் உனக்குப் போவணும்னா நானே டிக்கெட் எடுத்துக் கப்பல்ல ஏத்திவிடறேன். சத்தியமா."

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் ஒருவேளை மனசு ஆறியிருக்கும். சத்தியம் செய்துவிட்டார். சரி, தீபாவளி முடியட்டும் என்று நானும் சொன்னேன். மல்லிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

ஐப்பசி வந்தது என்று பஞ்சாங்கம் சொன்னது, உடம்பு சொல்லவில்லை. இங்கே எல்லா மாதமும் ஒரே மாதம்தான். தினமும் வேர்த்து ஊற்றும், மத்தியானம் மழை கொட்டும். ஆனாலும் சிராங்கூன் சாலையில் ஜவுளிக்கடைகளின் வாசலில் துணிகள் தொங்கத் தொடங்கின, சந்துக்குள் யார் வீட்டிலோ அதிரசப் பாகு காய்ச்சும் வாசனை வந்தது. அடுப்படியில் முறுக்குப் பிழிந்தபோது ஆ சோ வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். முதல் ஈட்டில் எடுத்த முறுக்கை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் தட்டைத் திருப்பித் தரும்போது அதில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே சிவப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு சரவெடி. மல்லிகாவைவிட உயரம். ஆ சோ மல்லிகாவின் தலையைத் தொட்டு, "பூடாக் சூடா சம்பாய்" என்றாள். குழந்தை வந்து சேர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். அதற்குள் இவ்வளவு மலாய் எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. குழந்தைக்குத் தீபாவளிப் பரிசு கொடுக்கிறாள் என்று நினைத்து சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

பட்டாசு விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா சரவெடி வாங்கி வருவார், ஆனால் யாரும் அதைச் சரமாக வெடித்ததே கிடையாது. சரத்தைப் பிரித்து உதிரியாக்கி ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு வைப்பார். ஒவ்வொன்றாக வெடித்து அதிகாலையிலிருந்து பொழுது சாயும் வரை ஓட்டவேண்டும். மொத்தமாகக் கொளுத்துகிற பையனை ஊதாரி என்று தெருவே கேலி செய்யும். பிரித்த வெடியை முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் காயவைப்போம். ஐப்பசி ஈரத்தில் நமுத்துப்போன வெடி புஸ்ஸென்று போய்விட்டால் அதைவிட அவமானம் கிடையாது. வெயில் எட்டிப்பார்க்கும்போது முறத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும், தூறல் விழுந்தால் கீழே கொண்டு வருவதுமாகத் தீபாவளிக்கு முதல் நாள் எங்களுக்கு வேறு வேலையே இருக்காது.

அதைத்தான் நான் இங்கேயும் செய்தேன். தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. டின்னைத் திறந்தபோது வெடியில் ஈர வாடை. பல வருஷம் பூட்டிக் கிடந்தது போல இருந்தது. மல்லிகாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இப்படித்தாண்டி உங்க தாத்தா பிரிப்பாரு" என்று காட்டி, அடிமுனையிலிருந்து ஒவ்வொரு வெடியாகத் திரியோடு உருவி முறத்தில் போட்டோம். சீன வெடியின் பின்னல் இறுக்கமாக இருந்தது. பாதிச் சரம் பிரிந்தபோது நடுத்திரியும் அறுந்து தனியே வந்துவிட்டது. அடுப்படிக்குத் தண்ணீர் எடுக்க வந்த ஆ சோ முறத்தைப் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் மல்லிகா என் பின்னால் ஒளிந்தாள். "தா போலே! தா போலே!" என்றாள். கூடாது, கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் வெடியை வைத்திருப்பதால் பயப்படுகிறாள் என்று எண்ணி, நான் முறத்தை ஜன்னலோரமாக நகர்த்தி, "அடுப்பு அணைஞ்சிருக்கு, பயப்படாதீங்க" என்று தமிழில் சொல்லி, புன்னகையும் செய்தேன். புன்னகை செய்தேனே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவள் மிச்சமிருந்த பாதிச் சரத்தை என் மடியிலிருந்து எடுத்தாள், அறுந்த முனையைப் பார்த்தாள், திரும்ப என் மடியிலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் வந்த நாளிலிருந்து விடியற்காலை முதல் கேட்டுக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் அன்று கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கொடுத்த பொருளை நான் என்ன செய்தால் இவளுக்கென்ன, சீனத்தி புத்தி என்றுகூட முணுமுணுத்தேன்.

பண்டிகைக்காக அவர் மத்தியானமே வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். முறத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆ சோவின் கதவைத் தட்டி உள்ளே போய்ச் சிறிது நேரம் பேசிவிட்டு வந்தார். வந்து என்னெதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அவங்க வழக்கத்துல சரத்த நடுவுல அறுக்கவே கூடாது வசந்தா. பத்தவெச்சா ஒரே மூச்சுல எரிஞ்சு முடியணும். எவ்வளவு நீளமா, நிக்காம வெடிக்குதோ அவ்வளவு நல்லதும்பாங்க. நீ அறுத்துட்டே."

"எனக்கெப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே? நீங்கதான் எதையுமே சொல்றதில்லையே."

"அது மட்டுமில்ல." அவர் குரல் தாழ்ந்தது. "இந்தம்மாவுக்குச் சீனாவுல ஒரு மகன் இருக்கான். பத்து வயசுல அங்க விட்டுட்டு வந்தது. அஞ்சாறு வருஷம் முன்னால, கப்பலேறி வந்துடறேன்னு அவன் கடுதாசி போட்டிருக்கான். அவன் வந்து எறங்குற அன்னிக்குக் கொளுத்தணும்னு வாங்கி வெச்ச சரம் இது. அவன் வரல. அங்கேர்ந்து விடல. கடைசியில, இந்த வீட்டுக்குக் கடல் தாண்டி ஒரு புள்ள வந்துட்டுது, அதுக்காச்சும் வெடிக்கட்டும்னு நம்ம மல்லிகாவுக்குக் கொடுத்திருக்கு."

முறத்தில் கிடந்த வெடிகளைப் பார்க்கவே முடியவில்லை. "புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது ஆகாது என்று தெரிந்தது.

அவர் உதிரி வெடிகளை எடுத்து நடுத்திரியில் சேர்த்து முறுக்கிப் பார்த்தார். ஒன்றை முறுக்கினால் முன்னது கழன்று விழுந்தது. பொத்தான் தைக்கத் தெரிந்தவர், மீன் குழம்பு வைக்கத் தெரிந்தவர், சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு வைக்கத் தெரிந்தவர், இதில் தோற்றுப்போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நெற்றியில் வேர்வையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எனக்கு வரமாட்டேங்குது. நீ பூ கட்டுவியே, அந்த மாதிரி கட்டிப் பாக்கறியா?"

மல்லிகைப் பூ கட்டும்போது இரண்டு காம்பு இந்தப் பக்கம், இரண்டு காம்பு அந்தப் பக்கம் வைத்து நாரால் ஒரு வளையம் போட்டு இழுப்போம். வெடிக்குத் திரிதான் காம்பு. நீளமான நடுத்திரியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டேன். திரிகள் நான்கும் நடுத்திரியைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து நூலால் முடிச்சுப் போட்டேன். இறுக்கினால் திரி நொறுங்கிவிடும், தளர்ந்தால் வெடி நழுவிவிடும். முதல் பத்து முடிச்சு அவிழ்ந்தது. பதினொன்றாவது நின்றது. அதற்குப் பிறகு என் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அவர் நூலைப் பிடித்துக்கொண்டார், மல்லிகா வெடிகளை நான்கு நான்காக எடுத்துத் தந்தாள். சரம் வளர வளர எங்களுக்குள் பேச்சும் வளர்ந்தது. எட்டு மாதத்திலும் எழுதிய அத்தனை கடிதத்திலும் பேசாததையெல்லாம் அந்த மழைக்குள் பேசினோம்.

"தீபாவளிக்கு நீங்க இங்க என்னதான் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சேந்து கறி ஆக்கித் தின்னுட்டு, படத்துக்குப் போவோம்."

"பட்டாசு?"

"வாங்குனதே இல்ல. புள்ள இல்லாத எடத்துல யாருக்குன்னு வெடிக்கிறது?" என்றார். நூலை இன்னொரு சுற்று விரலில் சுற்றிக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி முடிச்சைப் பார்த்துக்கொண்டேன்.

மழை விடும்போது வேலை முடிந்தது. பிரிக்காத பாதியின் அறுந்த முனையோடு என் பாதியைச் சேர்த்துக் கட்டினேன். ஆ சோவின் கதவைத் தட்டிக் காட்டினேன். அவள் சரத்தை ஒருமுறை தடவினாள். என் முடிச்சுகளை உற்றுப் பார்த்தாள். உள்ளே போனவள் கதவை இம்முறை சாத்தவில்லை.

மறுநாள் தீபாவளி. எங்கள் வீட்டில் அம்மாதான் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பாள். மணையில் உட்காரவைத்து உச்சியில் மூன்று முறை எண்ணெய் தொட்டு வைத்து, நல்லா இருக்கணும் என்று சொன்ன பிறகுதான் குளியல். இங்கே பெரியவர்கள் யாரும் இல்லை, ஆகையால் இந்த வீட்டில் அது என் உரிமை என்று முதல்நாளே மனசுக்குள் தீர்மானித்திருந்தேன். இருட்டோடு எழுந்து எண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு திரும்பினால், அவர் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறார். தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தானே குளித்துவிட்டு, எனக்கும் மல்லிகாவுக்கும் வெந்நீர் வேறு போட்டு வைத்திருக்கிறார்.

கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்தேன். "தலைக்கு எண்ணெ வெக்கக்கூட நான் வேண்டாமா உங்களுக்கு? அப்புறம் எதுக்கு என்னையக் கூப்புட்டீங்க?" என்று கேட்டேன். தீபாவளி அதுவுமாக அழக்கூடாது என்று தெரிந்தும் அழுதேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். "பழகிப்போச்சு வசந்தா. உனக்குக் கஷ்டம் வேணாமேன்னுதான்..." என்று இழுத்தவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணையில் வந்து உட்கார்ந்தார். "வை. இன்னொரு தடவ குளிச்சுக்கறேன்."

ஒரே தீபாவளிக்கு இரண்டு முறை எண்ணெய் தேய்த்துக் குளித்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தபோது பின்தலையில், முடிக்குள், விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு தட்டுப்பட்டது. என்ன என்று கேட்டேன். கிடங்கில் மேலிருந்து ஒரு பெட்டி சரிந்ததாம். பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். மல்லிகாவுக்கு அப்போது இரண்டு வயது. அந்த மாதமும் நலம் என்றுதான் கடிதம் வந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எழுதலியே?" என்றேன். "எழுதி? நீ அங்கேர்ந்து என்ன செய்வே?" என்றார். அந்தத் தழும்பின்மேல் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணெய் வைத்தேன். என்னவோ, அந்த நிமிஷம்தான் எனக்குக் கல்யாணமான மாதிரி இருந்தது.

சரத்தை ஆ சோவின் ஜன்னல் கம்பியில் கட்டித் தெருவுக்கு மேலே தொங்கவிட்டோம். கோப்பிக்கடைக்காரரும், எதிர்வீட்டு மலாய்க்காரக் குடும்பமும், நம்மவர் சிலரும் அண்ணாந்து நின்றார்கள். ஆ சோ மடிப்புக் கலையாத நீலச் சட்டை போட்டுக்கொண்டு கீழே வந்து நின்றாள். ஊதுவத்தியை மல்லிகாவின் கையில் கொடுத்து, அவள் கையைப் பிடித்து அவர்தான் பற்றவைக்கச் செய்தார். என் முடிச்சுகள் ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தன. தெருவே அதிர்ந்தது. அவர் குனிந்து மல்லிகாவின் இரண்டு காதையும் பொத்தினார். தன் காதைப் பொத்த அவருக்குக் கையில்லை என்று கண்ட மல்லிகா, இரண்டு கையையும் தூக்கி அவர் காதைப் பொத்தினாள். சிவப்புக் காகிதம் இருவர் தலையிலும் கொட்டியது. நான் பிள்ளையார் பெயரைச் சொல்லிக்கொண்டே மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிடாதே, நின்றுவிடாதே. நான் கட்டிய கடைசி முடிச்சும் வெடித்தது. நெருப்பு ஒட்டுப்போட்ட இடத்துக்கு ஏறியது, சீறியது, அணைந்துவிட்டது.

பிரிக்காத பாதிச் சரம் மேலே அப்படியே தொங்கியது. அவர் ஊதுவத்தியை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். ஜன்னல் வழியாக அவர் கையை நீட்டும்போது ஆ சோ அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். அவளே கம்பியிலிருந்து முடிச்சை அவிழ்த்துப் பாதிச் சரத்தை உள்ளே இழுத்தாள். கருகிய முனையைத் துடைத்துவிட்டு மல்லிகாவைக் காட்டினாள். "பூடாக் புன்யா, சூடா ஆபிஸ்." குழந்தையினுடையது முடிந்தது. பிறகு கையிலிருந்ததை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "இனி, சாயா புன்யா. அனாக் பெலும் சம்பாய் லா."

அவர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். வேண்டாம் என்று கையமர்த்தினேன். இது என்னுடையது, பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. இதற்கு எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை. அவள் அதைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றி டின்னுக்குள் வைத்து, டின்னைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்து இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டாள். உறைப்புக்குக் கண்ணீர் வருகிறது என்று சைகை காட்டிச் சிரித்தாள். நாங்களும் அதையே நம்பிய மாதிரி சிரித்தோம்.

சாப்பாடு முடிந்து சற்றுச் சாய்ந்திருந்தபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெட்ராஸ் கப்பலுக்கு டிக்கெட் போடறாங்களாம். நாளைக்குப் போய்க் கேக்கட்டுமா?"

"கேட்டு?"

"நீ சொன்னதுதானே. நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்து உட்கார்ந்தேன். "அந்தம்மா பூட்டி வெச்சுக் காத்திருக்குறதப் பாத்தீங்கல்ல? ஏழு வருஷம் நான் அங்க காத்துக் கெடந்தேன். இனி நீங்க இங்க உக்காந்து காத்திருக்கணுமா? எந்தக் கப்பலுக்கும் போவ வேண்டாம். திங்கக்கெழம மல்லிகாவப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். நாளைலேர்ந்து உங்க சட்டைய நான்தான் தேய்ப்பேன், கரிப்பெட்டியத் தொட்டீங்கன்னா பாருங்க."

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது, "காலருக்குக் கொஞ்சம் கஞ்சி கூடுதலா போடணும்" என்றார். என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் காரியம் அது.

அன்று மாலையே அம்மாவுக்கு எழுதினேன், இனி வரமாட்டேன் என்று. நான் எழுதிய கடிதங்களிலேயே சின்னது அதுதான். பதிலில் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மல்லிகாவுக்கு முடி வளர என்ன எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு நான் அழுததை இவரிடம் மறைக்கவில்லை. மறைப்பது நின்றுபோன வீடாகிவிட்டது எங்களுடையது.

அதற்குப் பிறகு இந்த ஊர் தேசியக் கொடிகளை மாற்றியது, நாங்கள் பழைய பாஸ்போர்ட்டுகளை மாற்றினோம். எங்கள் சந்து வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். ஆ சோ இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். அவள் மகன் இன்னும் வரவில்லை. நான் இன்னும் அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை. முதலில் விடுப்பில்லை, பிறகு பிள்ளைப்பேறு, பிறகு அது, பிறகு இது. அக்கரையில் இருப்பவர்களுக்கு இது சாக்குப்போக்காகத் தெரியும். இக்கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் இரண்டு சரம் வாங்கி வருவார். ஒன்றை விடியற்காலையில், எல்லார் தலையிலும் நான் எண்ணெய் வைத்துக் குளித்து முடித்ததும், தெரு பார்க்கக் கொளுத்துவோம். மற்றதை எடுத்து வைத்துவிடுவேன். இட்லி தின்று, புதுத்துணி கசங்கி, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்து, தெருவில் வெயில் ஏறிவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பேன். சரியாக இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டாவது சரத்தைக் கொளுத்தச் சொல்வேன். சென்ற தீபாவளிக்குக் கடைக்குட்டி புதுச்சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு வந்து நின்று கேட்டான். "ஏம்மா மறுபடியும்? தீபாவளிதான் அப்பவே விடிஞ்சிடுச்சே?"

"இல்லடா," என்றேன். "மன்னார்குடியில இப்பத்தான் விடியுது."